நாலாவது கால்

தண்ணீர் லாரி ஓட்டுகிறேன் என்று சொன்னால், "உங்க வீட்டுக்காரர் ஓட்டுறாரா?" என்று திருப்பிக் கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நான் ஓட்டுகிறேன் என்றுதானே சொன்னேன்? காதில் சரியாகத்தான் விழுகிறது, மண்டையில்தான் ஏறுவதில்லை. முன்பெல்லாம் நின்று விளக்கம் சொல்வேன். இப்போது ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

ஆறாயிரம் லிட்டர் டேங்க் கட்டிய பழைய லாரி. திருவண்ணாமலை ஊருக்குள் இருக்கிற லாட்ஜுகளுக்கும், வேங்கிக்கால் பக்கம் மளமளவென்று எழும்பும் புது வீடுகளுக்கும் தண்ணீர் கொண்டுபோகிறேன். பௌர்ணமி வந்தால் ரோட்டை அடைத்துவிடுவார்கள், அதனால் முந்தின நாளே லாட்ஜ் தொட்டிகளையெல்லாம் நிரப்பியாக வேண்டும். அன்றைக்கு மட்டும் ஏழெட்டு நடை ஓடும். மற்ற நாளில் மூன்று, நான்கு.

லாரியை முதலில் ஓட்டியவர் என் கணவர்தான். இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், இனி கனரக வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். சாவியை என் கையில் கொடுத்த அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம், கோபமாகவும் எடுத்துக்கொள்ளலாம். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நமக்கு எது சௌகரியமோ அதைத்தானே எடுத்துக்கொள்வோம்.

வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்கு லோடு கொண்டுபோன காலையில் பழைய இன்ஜின் படுத்துவிட்டது. வெள்ளைப் புகையாகக் கக்கியது. ஓரம் கட்டி நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். பால் கூடுதலாக ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டால் உள்ளே எங்கோ விரிசல் என்று அர்த்தம். அந்த இன்ஜினில் விரிசல் வருவது அது இரண்டாவது தடவை. முதல் தடவையே ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு என் கணவர் சொன்னார்: "போதும்மா. வண்டிய குடுத்துடலாம். காயலாங்கடைக்காரரு அப்பவே கேட்டாரு. எத்தினி நாளைக்குத்தான் இத இழுத்துக்கினு இருப்ப?"

"வேற இன்ஜின் வெச்சா ஓடும்ங்க."

"வேற இன்ஜின் வெச்சா அது வேற வண்டி ஆயிடும்."

"ஆவட்டுமே."

அவருக்கு என் மேல் அக்கறை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் லாரி போனால் நான் என்ன ஆவேன் என்பது எனக்குத்தான் தெரியும். நாற்பத்தேழு வயதில் முதன்முதலாக நானே தேடிக்கொண்ட வேலை அது. காலையில் அந்த உயரமான சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துகிற நிமிடத்தில் நான் யாரையும் கேட்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதை இரும்பு விலைக்குப் போட எனக்கு மனது வரவில்லை. கடைசியில் ஒரு பந்தயம் போலப் பேசி முடித்தோம். இன்ஜின் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எஃப்.சி., அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் தரும் சான்று, கிடைக்காவிட்டால் அன்றைக்கே காயலாங்கடை.

"அப்ப நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றேன்.

"நீயா?" என்றார்.

இன்ஜின் மாற்றும் வேலையை மெக்கானிக் பாயிடம் கொடுத்தேன். கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் அவருக்குப் பட்டறை. அவருடைய அப்பா காலத்திலிருந்து எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அங்கேதான் வேலை. பாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இரும்பை வெட்டுவதற்கு முன்னாலும் பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் அளவு வரைந்து, கத்தரித்து, இடத்தில் வைத்துப் பார்ப்பார். பொருந்தினால்தான் இரும்பைத் தொடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "அட்டையில தப்பு பண்ணா தூக்கிப் போட்டுடலாம்மா. இரும்புல பண்ணா உங்ககிட்ட திட்டு வாங்கணும்" என்றார். என்னைப் பற்றி நன்றாகத் தெரிந்த மனிதர்.

வேலூர் பக்கம், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் ஒரு இன்ஜின் பார்த்தோம். எங்கள் லாரி செய்த அதே கம்பெனிதான், ஆனால் பின்னால் வந்த மாடல், ஒரு பஸ்ஸில் இருந்தது. தரையில் வைத்தே ஓடவிட்டுக் காட்டினார்கள். பாய் ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். இன்ஜின் நம்பரின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தோம். அந்தத் தாளையும் ரசீதையும் வைத்து ஆபீசில் எழுதிக் கொடுத்து இன்ஜின் மாற்ற அனுமதி வாங்கினேன். அனுமதிக் கடிதத்தில் கடைசித் தேதி போட்டிருந்தது. அதற்குள் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

பழைய இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே எடுத்தபோது, பல் பிடுங்கின வாய் மாதிரி இருந்தது லாரியின் முகம். பார்க்கவே பாவமாக இருந்தது. புது இன்ஜின் பழையதைவிட ஒரு சாண் நீளம். ரேடியேட்டரை முன்னால் தள்ளினோம். இன்ஜினின் அடிவயிறு முன் அச்சில் இடித்தது, அதனால் மொத்தத்தையும் சற்றுப் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. பின் சக்கரத்துக்குப் போகிற நீண்ட ஷாஃப்டை லேத்தில் கொடுத்து அளவு குறைத்தோம். எல்லாவற்றுக்கும் முதலில் அட்டை, பிறகுதான் இரும்பு. நான் தினமும் போய்ப் பக்கத்தில் நின்றேன். நின்றேன் என்ன, அதிகாரம் செய்தேன் என்றே சொல்லலாம்.

சண்டை வந்தது கால் விஷயத்தில். லாரியின் அடிச்சட்டத்தில் இன்ஜினை உட்கார வைக்கும் தாங்கிகளை பாய் 'கால்' என்பார். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, ஆக மூன்று கால். ஒவ்வொன்றுக்கும் அடியில் கனத்த ரப்பர். எனக்கு அது போதாது என்று பட்டது.

தண்ணீர் லாரி ஓட்டாதவர்களுக்கு இது புரியாது. நிறைந்த டேங்க் பயமில்லை, காலி டேங்க்கும் பயமில்லை. அரை டேங்க்தான் ஆள்விழுங்கி. பிரேக் போட்டால் வண்டி நிற்கும், தண்ணீர் நிற்காது. ஒரு நொடி கழித்து முதுகில் யாரோ இரண்டு கையாலும் தள்ளுவது போல ஒரு தள்ளு வரும். நாலு வருடமாக அந்தத் தள்ளை வாங்கி வாங்கி, என் உடம்புக்கே அது மனப்பாடம். இந்தப் புது இன்ஜின் பஸ்ஸில் இருந்தது. பஸ்ஸில் ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீர் எதைப் பிடிக்கும்?

"பாய், நாலாவது கால் ஒண்ணு போடுங்க. பக்கவாட்டுல, நல்லா இறுக்கி."

"தேவையில்லமா. இது ரப்பர் மேல உக்கார்ற இன்ஜினு. அது கொஞ்சம் ஆடணும்."

"ஆடவே கூடாது."

"ஜாஸ்தி புடிச்சாலும் உடையும்மா."

"பாய், உங்களுக்கு இன்ஜின் தெரியும். எனக்குத் தண்ணி தெரியும். போடுங்க."

அவர் கையைத் துணியில் துடைத்தார். பிறகு ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துக் கிழித்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு டீ சொன்னேன். மறுநாள் போனபோது இன்ஜினின் இடது பக்கத்தில் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு இரும்புத் தகடு, அதிலிருந்து அடிச்சட்டம் வரை ஒரு பட்டை, போல்ட், நட்டு, அதன் மேல் இன்னொரு நட்டு. கறுப்புப் பெயின்ட் கூட அடித்திருந்தார். அவ்வளவு அழகாக இருந்தது. பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை முதலில் கிளப்பிய அன்று, இன்ஜினுக்கு வைத்த மஞ்சள் குங்குமத்தில் பெரிய பொட்டாக அந்த நாலாவது காலுக்குத்தான் வைத்தேன்.

பட்டறைக்குப் பின்னால் மனை பிரித்துக் கல் நட்ட ஒரு பெரிய காலி இடம். அங்கே அரை டேங்க் தண்ணீரோடு மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். வேகமாகப் போய்ப் பிரேக் போட்டேன், திருப்பிக்கொண்டே பிரேக் போட்டேன், பள்ளத்தில் இறக்கிப் பிரேக் போட்டேன். தள்ளு வந்தது. இன்ஜின் இம்மி நகரவில்லை. பழைய இன்ஜின் முனகிக்கொண்டே ஏறும் மேட்டில் இது கேட்காமலே ஏறியது. இறங்கி வந்து, "பாத்தீங்களா பாய், நாலாவது கால்!" என்றேன்.

"நல்லாருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார்.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மற்ற லாரிக்காரர்களிடமும் இதைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, தரையில் குச்சியால் படம் போட்டே காட்டினேன். இரண்டு பேர் தங்கள் வண்டிக்கும் அது மாதிரி ஒன்று போட வேண்டும் என்றார்கள். பாயைப் போய்ப் பாருங்கள், நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றேன்.

அனுமதியின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வேங்கிக்காலில் வண்டிகளைப் பார்வையிடும் மைதானத்துக்குக் காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். என் கணவரும் கூட வந்திருந்தார். எங்கள் முறை வர மதியம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். விளக்கு, ஹாரன், டயர், பிரேக் எல்லாம் பார்த்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார், ஓட்டினேன். திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு அனுமதிக் கடிதத்தை விரித்து, "இன்ஜின் நம்பர் எங்கம்மா இருக்கு?" என்றார்.

"இடது பக்கம் சார்" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "தெரியலையே. பெயின்ட்டு அடிச்சிட்டீங்களா? தொடச்சிக் காட்டுங்க."

துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். பெயின்ட் இல்லை. நம்பர் இருந்த இடத்தை அப்படியே மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் நாலாவது கால். குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. இன்ஜின் தரையில் கிடந்தபோது எங்கள் கையாலேயே தேய்த்து எடுத்த நம்பர். பாயும் அங்கேதான் இருந்தார், நானும் அங்கேதான் இருந்தேன். ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நம்பர் பாக்காம நான் எழுத முடியாதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. "மூணு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். எடுத்துட்டுக் காட்டுங்க. இன்னிக்கு விட்டா மறுபடி மொதல்லருந்து எழுதிக் கேக்கணும். அது கிடைக்குமான்னு நான் சொல்ல முடியாது."

பாய்க்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரம், போனை அணைத்து வைத்திருப்பார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அந்தக் காலைக் கழற்றினால் இன்ஜின் ஒரு பக்கமாகச் சரியும் என்று உறுதியாக நம்பினேன். கழற்றாவிட்டால் வண்டி கையைவிட்டுப் போகும். இரண்டுக்கும் காரணம் நான்தான்.

என் கணவர் ஒன்றும் செய்யாமல் மர நிழலில் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தால் போதும். பேசியபடி லாரி காயலாங்கடைக்குப் போயிருக்கும். அவர் செருப்பைக் கழற்றினார். சட்டையைக் கழற்றி டிரைவர் கதவில் மாட்டினார். டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு, மடக்க முடியாத இடது காலை நீட்டியபடியே மெதுவாகத் தரையில் படுத்து லாரிக்கு அடியில் நகர்ந்தார்.

"ஏங்க, வேணாம். முட்டி..."

"ஜாக்கி குடு. மேல ஒரு கட்டய வெச்சி இன்ஜினுக்கு முட்டுக் குடு."

கொடுத்தேன். நானும் அவர் பக்கத்தில் ஊர்ந்து போனேன். "நீங்க சும்மா இருந்தாலே வண்டி போயிடுமே" என்றேன். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்பது என் குணம்.

"ஓட முடியாத வண்டி போனா போவட்டும்" என்றார், நட்டில் ஸ்பானரைப் போட்டுக்கொண்டே. "நல்லா ஓடுற வண்டி ஒரு நம்பர் தெரியலன்னு போகக்கூடாது."

முதல் நட்டைத் திருகினார். இரண்டாவதையும் திருகினார். எடை தாங்கும் போல்ட் சுலபத்தில் வெளியே வராது, சுத்தியால் தட்டித்தான் எடுக்க வேண்டும் என்று எனக்கே தெரியும். அவர் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். குண்டூசி மாதிரி வந்தது. இன்ஜின் சரியவில்லை. ஜாக்கியின் மேல் வைத்த கட்டை அப்படியே தொளதொளவென்று இருந்தது. அவர் டார்ச்சை வாங்கிப் பார்த்தார். போல்ட் போகிற துளை போல்ட்டைவிட ஒரு விரல் அகலம் பெரிது. சுற்றிலும் மெத்தென்று ரப்பர். அந்தக் கால் எதையும் தொடவே இல்லை.

"இது ஒண்ணத்தயும் தாங்கலயே" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு, வயிறு குலுங்க.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. தகட்டை எடுத்துவிட்டோம், நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்துக்கூட எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு, தலையில் தொழுகைத் தொப்பியோடு பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது அந்தப் பட்டை என் கையில்தான் இருந்தது.

"என்ன பாய் இது?"

அவர் பட்டையைப் பார்த்தார், திறந்து கிடந்த நம்பரைப் பார்த்தார், விஷயம் புரிந்துகொண்டார். "வெயிட்டு தாங்காத எடமா பாத்து வெச்சேன்மா. அது நம்பர் மேலயே போயிட்டுது. என் தப்புதான்."

"நான் நம்பரக் கேக்கல."

"இறுக்கிக் கட்டினா இன்ஜின் பிளாக்கு விரிசல் உட்டுடும்மா. மறுபடி அதே கததான். நான் வேணாம்னேன், நீங்க கேக்கல. போடாம உட்டா பயந்துக்கினே ஓட்டுவீங்க. அர டேங்க்ல பயந்துக்கினு பிரேக் போட்டா அது இன்னும் ஆபத்து. அதான்."

"இதையே என் வீட்டுக்காரர் கேட்டிருந்தா? அவருக்கும் இது மாதிரி பொம்மக் கால் போட்டுக் குடுத்திருப்பீங்களா?"

பாய் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், இரும்பில் மட்டும்தான் அவருக்கு அது வந்திருக்கிறது. "இல்லமா" என்றார். "அவருகிட்ட சண்ட போட்டிருப்பேன்."

"இனிமே எங்கிட்டயும் சண்ட போடுங்க."

"சரிமா" என்றார். சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்து, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "அந்த ரெண்டு லாரிக்காரங்க வந்து நாலாவது கால் கேக்குறாங்க. நீங்க சொன்னதா சொன்னாங்க. இப்ப அவங்களுக்கு நீங்களே போய்ச் சொல்லணும்" என்றார். சண்டையை அவர் அப்போதே ஆரம்பித்துவிட்டார். நியாயமான சண்டை, நான் ஒத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்து நம்பரின் மேல் தாளை வைத்துத் தேய்த்து, கடிதத்தில் இருந்ததோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். கையெழுத்துப் போட்டார். மணி இரண்டரை கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலமே தண்ணீர் பிடித்தேன். என் கணவர் வீட்டில் இறங்கமாட்டேன் என்று பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கலெக்டர் ஆபீஸ் தாண்டி ஒரு வீட்டில் பாதி லோடு இறக்கினேன். மீதியோடு அடுத்த வீட்டுக்கு ஒரு சரிவில் இறங்கியபோது குறுக்கே ஒரு ஆட்டோ வந்தது. பிரேக் போட்டேன். முதுகில் அந்தத் தள்ளு வந்தது. மூன்று கால் மேல் இன்ஜின் லேசாக ஆடி, உட்கார்ந்தது. ஆடியதை முதல் தடவையாகக் கவனித்தேன். அது ஆட வேண்டிய ஆட்டம்தான் என்று புத்திக்குத் தெரிந்தது, உள்ளங்கைக்குத் தெரியவில்லை. ஸ்டியரிங் வேர்வையில் வழுக்கியது.

"கொஞ்சம் பயமாத்தான் இருக்குதுங்க" என்றேன். நாலு வருடத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்து நான் அப்படிச் சொன்னதே இல்லை. சொன்னால் சாவியை வாங்கிவிடுவார் என்ற எண்ணம் எனக்கு.

அவர் கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அர டேங்க்ல எனக்கு இருவது வருஷமும் பயந்தான். உங்கிட்ட சொல்லியிருந்தா நீ லைசென்ஸ் எடுத்திருக்கமாட்ட."

ஆட்டோ போய்விட்டது. நான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கியர் போட்டு, வண்டியை எடுத்தேன்.